அஞ்சலை நேற்று சாப்பிட்டது

போன மாதம் ஸ்ருதி போன் செய்தாள். நான் முப்பத்து நாலு வருஷம் உணவு ஆலோசகராக வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறவள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"ஆன்ட்டி, புதுசா சேர்ந்தவங்களுக்கு ட்ரெய்னிங். நீங்க வந்து அரை மணி நேரம் பேசணும், ப்ளீஸ். டாபிக் ஈஸிதான். சில நாட்டுல மட்டும் ஏன் எல்லாரும் இவ்ளோ குண்டா இருக்காங்க, சில நாட்டுல ஏன் இல்லன்னு. ஸ்லைட்ஸ் எல்லாம் நானே பண்ணிடறேன். அச்சா?"

அச்சா என்றேன். போனேன். திரையில் உலக வரைபடம். குண்டு நாடுகளுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு மஞ்சள். நானும் பழக்க தோஷத்தில் எல்லோரும் சொல்வதையே சொன்னேன். சர்க்கரை, எண்ணெய், கார், டிவி. கை தட்டினார்கள். ஒரு டப்பா கடலைமாவு லட்டு கொடுத்து அனுப்பினார்கள். ஆட்டோவில் வரும்போது அந்த டப்பா மடியில் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்து நாலு வருஷம் எடை பார்த்தவள் சொல்லியிருக்க வேண்டியது அது இல்லை. சொல்லாமல் வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். மனையியல் படித்தேன், ஒரு வருஷம் பயிற்சி, உடனே வேலை. கொடுத்த அறை தரைத்தளத்துக்குக் கீழே, எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில். ஜன்னல் கிடையாது. அங்கேதான் கன்னா மேடத்திடம் வேலை கற்றேன்.

கன்னா மேடம் தலைமை உணவு ஆலோசகர். பிரிவினையின்போது லாகூரிலிருந்து ஒன்றுமில்லாமல் வந்த குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம். மத்தியானம் நின்றபடியே இரண்டு புல்கா சாப்பிடுவார், மூன்றாவது கிடையாது. தினமும் காலையில் முதல் வேலை, தராசைச் சோதிப்பது. பத்து கிலோ இரும்புக் கல் ஒன்றை அலமாரியில் துணி சுற்றி வைத்திருப்பார். அதைத் தராசில் ஏற்றி, முள் சரியாகப் பத்தில் நின்ற பிறகுதான் கதவைத் திறக்க விடுவார். செருப்பைக் கழற்று. சால்வையை எடு. இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறதா பார். சுவரில் குதிகால் ஒட்டி நிற்கட்டும், கண் நேராகப் பார்க்கட்டும், அப்புறம் உயரம். இடுப்பளவுக்கு, கடைசி விலா எலும்பையும் இடுப்பு எலும்பையும் விரலால் தொட்டுப் பார்த்து நடுவில் டேப்பை வை. மூச்சை விட்ட பிறகு படி, இழுத்துப் பிடிக்கும்போது படிக்காதே. நான் அவசரப்பட்டு ஒரு நாள் முந்தானைக்கு மேலேயே அளந்தேன். மேடம் டேப்பை வாங்கி, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, தானே மறுபடி அளந்தார். அதற்குப் பிறகு நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

அளந்து முடிந்ததும் நேற்றைய சாப்பாடு. மேஜையில் மூன்று அளவுகளில் கிண்ணம், அட்டையில் வெட்டிய நாலு அளவு ரொட்டி. நேற்று காலை கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுத்தது வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். அச்சடித்த தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று வீட்டில் சாப்பிட்டது. இன்னொன்று கடையில் வாங்கிச் சாப்பிட்டது. கடைசியில் கலோரியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். உடம்பு ஒரு கதையும் தாள் இன்னொரு கதையும் சொன்னால், தாளின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. பொய் சொல்கிறவர், நம்பத்தகாதவர் என்று அர்த்தம்.

கோடு விழுந்தவர்களுக்கு மறு தேதி கிடையாது. வியாழக்கிழமை நடக்கும் சர்க்கரை நோய் கிளினிக்குக்குச் சீட்டும் கிடையாது. அங்கே கூட்டம் தாங்காது, ஒத்துழைக்காதவர்களை அனுப்பி டாக்டர் நேரத்தைக் கெடுக்காதே என்பது மேடத்தின் சட்டம். "வசந்தா, தராசு பொய் சொல்லாது. வாய்தான் சொல்லும்" என்பார். ஒருமுறை வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். அங்கே ஏழைகள்கூடக் குண்டாக இருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோய் வந்தவர். "வேண்டாம்னு சொல்லத் தெரியாத தேசம். நம்ம நாட்டு ஏழை அப்படி இல்ல. இங்க குண்டா வர்றவ ஒண்ணு ஏழையா இருக்க மாட்டா, இல்ல நம்மகிட்ட மறைப்பா." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவோம்.

அஞ்சலை வந்தது ஒரு பங்குனி மாதம். டெல்லியில் அப்போதே வெயில் ஏறிவிடும். சீட்டு எழுதும் குமாஸ்தா பெயரை அஞ்சலி என்று போட்டிருந்தான். கூப்பிட்டேன். ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். வயசு முப்பத்தைந்துக்குள். கூடவே பத்து வயதில் மகள், கவிதா.

"அஞ்சலைம்மா. அஞ்சலி இல்ல" என்றாள் தமிழில். நாளெல்லாம் இந்தியில் பேசிக் களைத்த எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எண்பத்தாறு கிலோ. உயரம் ஐந்தடிக்குக் குறைவு. தாகம், அசதி, கால் மரமரப்பு என்று மேலே டாக்டர் குறித்திருந்தார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன், ரத்தமே இல்லை. அவ்வளவு சதைக்குள்ளே சோகை.

"நேத்து காலையில எழுந்ததிலிருந்து சொல்லு அஞ்சலை. முதல்ல என்ன சாப்பிட்ட?"

"ஒரு டீ. ரெண்டு ரஸ்க்கும்மா."

"வீட்டுல?"

"ஆமாம்மா."

"அப்புறம்?"

மகளை ஒரு பார்வை பார்த்தாள். "அப்புறம் வேலைக்குப் பூட்டேன். நாலு வூடு."

"மத்தியானம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"கடையில ஏதாவது? சமோசா, பகோடா?"

"காசு குடுத்துக் கடையில தின்ன எனக்கு என்னாம்மா பைத்தியமா? ராத்திரிதான் சோறு. கொழம்பு ஊத்தி, இவளுக்குப் போட்டது போக."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே டீ, அதே ரஸ்க், அதே சோறு. கூட்டிப் பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடக் காணாது. வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. நம்ம ஊர்க்காரியே நம்மிடம் புளுகுகிறாளே என்ற கோபம். "அப்ப காத்தைக் குடிச்சா உடம்பு இப்படி ஏறுது?" என்று உரக்கவே கேட்டேன். தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

அன்று கன்னா மேடம் லீவு. சிவப்புப் பென்சில் என் கையில் இருந்தது. கோடு போட்டேன்.

ஆனாலும் சும்மா அனுப்பக் கூடாதென்று அச்சடித்த உணவுப் பட்டியலைக் கொடுத்தேன். படிக்க வராது என்றாள். படித்துக் காட்டினேன். காலையில் ஓட்ஸ். பதினோரு மணிக்கு ஒரு ஆப்பிள். முளைகட்டிய பயறு. பூங்காவில் முக்கால் மணி நேரம் வேகமான நடை. பொறுமையாகக் கேட்டாள். "பார்க்குல நாங்க சும்மா நடந்தா வாட்ச்மேன் என்ன வேணும்னு கேப்பாம்மா" என்றாள். பட்டியலை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் அடுத்த சீட்டை எடுத்தேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு எங்கள் வீட்டு வேலைக்காரி முன்னி ஊருக்குப் போனாள். நாங்கள் அப்போது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பத்து நாளைக்கு மாற்று ஆள் அனுப்புகிறேன் என்றாள். காலையில் கதவைத் திறந்தால் அஞ்சலை.

"ஆஸ்பத்திரி அம்மாவா?" என்று சிரித்தாள். நான்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் பாட்டுக்கு உள்ளே வந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்ததும், எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, சமையலறை ஜன்னல் கம்பியில் வேலைக்காரிக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் தட்டையும் டம்ளரையும் எடுத்தேன். முந்தின ராத்திரி பூரி நாலு மிச்சம். எண்ணெய் உறைந்த உருளைக்கிழங்கு. அதற்கு மேல் சோன் பாப்டி. அந்த வருஷம் எங்களுக்கு மூன்று டப்பா வந்திருந்தது. டெல்லிக்காரர்களுக்குத் தெரியும், தீபாவளி சோன் பாப்டியை யாரும் பிரிப்பதில்லை, அது பாட்டுக்கு வீடு வீடாகப் போகும். போக்கிடம் இல்லாமல் கடைசியில் வேலைக்காரியிடம் போய்ச் சேரும். நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீயும் வைத்தேன். தாராளமாகக் கொடுக்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

கதவோரம் குந்தி, தலையைத் தூக்காமல் வேகமாகச் சாப்பிட்டாள். தொழில் புத்தி போகுமா? என் தலைக்குள் கூட்டல் ஓட ஆரம்பித்தது. பூரி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, இனிப்பு இவ்வளவு. பாதியிலேயே நின்றுவிட்டது.

"அஞ்சலை, இதுக்கு முன்னாடி போன வீட்டுலயும் சாப்பிட்டியா?"

"கீழ் வூட்ல பரோட்டா குடுத்தாங்க. ராத்திரிது."

"இன்னும் மூணு வீடு இருக்குல்ல?"

"ஒரு சர்தார் வூட்ல பிரெட்டு, ஜாம். அதுக்குப் பக்கத்து வூட்லயும் அதேதான். கடைசி வூட்ல புள்ளைங்க மீத்த நூடுல்ஸு, கூல்டிரிங்கு. வேணாம்னா கோச்சிக்குவாங்கம்மா. மறுநாள் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க."

"அன்னிக்கு மூணு தடவை கேட்டேனே. ஏன் சொல்லல?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க வூட்ல என்னா சாப்ட்ட, கடையில என்னா வாங்குனன்னுதானே கேட்டீங்க. இது வூட்லயும் இல்ல, கடையிலயும் இல்லியே. அதுவும் கவிதா பக்கத்துல நிக்கிது. எங்கம்மா ஊரான் வூட்டு மிச்சத்தத் தின்னுதான் வளந்து கெடக்குறான்னு புள்ள எதுருல, நாலு பேரு எதுருல நானே எப்பிடிம்மா சொல்றது?"

காலை ஆறு மணியிலிருந்து மூன்று மணி வரை அவளுக்கு வேறு சாப்பாடு கிடையாது. காய்கறியை, பருப்பை, பழத்தை நாங்கள் சாப்பிட்டுவிடுவோம். எங்கள் உடம்புக்கு ஆகாதென்று ஒதுக்குவது அத்தனையும் அவள் உடம்புக்குப் போகும். இதே அறிவோடுதான் நான் எத்தனை வருஷமாக முன்னிக்கும் கொடுத்து வந்திருக்கிறேன். அதுவரை சிவப்புக் கோடு விழுந்த பெண்களில் எத்தனை பேர் வீட்டு வேலைக்காரிகள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பாதிக்கு மேல்.

மறுநாளே கன்னா மேடத்திடம் போனேன். தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும், வேலை செய்யும் இடத்தில் கொடுத்தது என்று. கோடு விழுந்தவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும். மேடம் முழுவதையும் கேட்டார். பென்சிலை மேஜையில் வைத்தார்.

"நானும் தினமும் குடுக்கறேன் வசந்தா. எங்க அம்மாவும் குடுத்தாங்க. ஒரு காலத்துல எங்களுக்கும் யாரோ குடுத்தாங்க. பசிக்கறவங்களுக்குப் போடறது நோயாக்கும்னு சொல்றியா?"

"அப்படித்தான் ஆகுது மேடம்."

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஃபார்ம் மேலேயிருந்து வர்றது. நம்ம கையில இல்ல" என்று அடுத்த சீட்டை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அன்று மத்தியானம் அந்த இரண்டு புல்காவையும் அவர் தொடவில்லை. நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் செய்ததெல்லாம், அஞ்சலைக்கு மட்டும் திருட்டுத்தனமாகப் புதுச் சீட்டு போட்டது.

வியாழக்கிழமை லீவு எடுத்தால் நாலு வீட்டிலும் பேச்சு கேட்க வேண்டும் என்று அவள் இரண்டு வியாழன் தள்ளினாள். மூன்றாவது வியாழன் வந்தபோது கால் விரலில் கொப்புளம். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால், பாராபுல்லா சாக்கடை ஓரத்து வீடு. வலி தெரியாததால் அவள் பொருட்படுத்தவில்லை. சர்க்கரை எங்கேயோ இருந்தது. விரலை எடுத்தார்கள். தை மாதக் குளிரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வார்டு டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "இதை ஒம்பது பத்து மாசம் முன்னாடியே பிடிச்சிருக்கணுமே, யார் விட்டது?" என்றார். அடுத்த தாளைத் திருப்பினார். என் கையெழுத்து, அதற்குக் குறுக்கே சிவப்புக் கோடு. என்னை நிமிர்ந்து பார்த்தார், மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ரிடையர் ஆன பிறகு மகன் வீட்டுக்கு, டெக்சாஸ் போய் ஆறு மாதம் இருந்தேன். கன்னா மேடம் பார்த்து அதிர்ந்தவர்களை நானும் பார்த்தேன். அவன் அபார்ட்மென்டைப் பெருக்க வரும் பெண்ணை மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் பார்ப்பேன். இரண்டு மூன்று இடத்தில் வேலை. பெரிய டம்ளரில் சோடா, காகிதத்தில் சுற்றிய ஏதோ பொரித்தது. அந்த வட்டாரத்தில் காய்கறிக்கடைக்கு நடந்து போக நடைபாதை கிடையாது. மலிவாகவும் உடனேயும் கிடைப்பது அது ஒன்றுதான். அவளுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் பட்டினி. எனக்கு அஞ்சலை ஞாபகம் வந்து, அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

ஸ்ருதியின் வரைபடத்தில் மஞ்சள் நாடுகள் என்று காட்டினாளே, அதில் இரண்டு சாதி உண்டு. பள்ளிக்கூடத்தில் சூடாகச் சமைத்துப் போட்டு, நடக்கத் தெரு விட்டு, உட்கார்ந்து சாப்பிட நேரமும் விட்டு மக்களை மெலிதாக வைத்திருக்கும் நாடு ஒன்று. வெறும் பட்டினியால் மெலிந்த நாடு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வர்ணம் பூசியிருந்தாள். இரண்டாவது சாதி நாடு பணக்காரனாகும்போது முதல் சாதியாவதில்லை, நேரே சிவப்புக்குப் போகிறது. பசித்தவனுக்கு நல்ல சாப்பாடு வருவதற்கு முன்னால் மிச்சமும் பாக்கெட்டும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒரு காலத்தில் அஞ்சலைக்கு நாலு வீட்டில் கிடைத்தது இப்போது எல்லாக் கடை வாசலிலும் சரம் சரமாகத் தொங்குகிறது. இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியவில்லை. அன்று கிளம்பும்போது, தாளுக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் ஸ்ருதியின் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தேன். வீடு, வெளி, இரண்டே கட்டம். மூன்றாவதைப் பற்றிச் சொன்னேன். "நைஸ் பாயின்ட் ஆன்ட்டி. ஆனா ஆப் மேலேயிருந்து வர்றது" என்றாள்.

இப்போது ஜங்புராவில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டு வேலைக்குக் கவிதா வருகிறாள். ஆமாம், அதே கவிதா. அம்மா விட்ட வீடுகளை அவள் பிடித்துக்கொண்டாள், படிப்பு எட்டாவதோடு நின்றது. எடை நான் கேட்கவில்லை, கண்ணாலேயே தெரிகிறது. போன வருஷம் மதராசி கேம்ப்பை இடித்தபோது அவர்களுக்கு டெல்லியின் வடக்குக் கோடியில், நரேலாவில் வீடு கிடைத்தது. கிடைக்காதவர்களை நினைத்தால் அதிர்ஷ்டம்தான். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒற்றைக் காலோடு மேலே தூக்கிக்கொண்டு போய் விட்ட அஞ்சலை இன்னும் கீழே இறங்கவில்லை. கவிதா விடியுமுன் கிளம்பி பஸ் மாறி மாறி வருகிறாள். பஸ்ஸில் ஒரு பாக்கெட் ரஸ்க்.

மிச்சம் கொடுப்பதை நான் நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள், "ஆன்ட்டி, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். சரி என்று அவளுக்கென்றே காயும் பருப்பும் புதிதாகச் சமைத்துப் போட்டேன், என் தட்டிலேயே. சாப்பிட்டாள். மற்ற வீடுகளில் கொடுப்பதையும் சாப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய வீடு அவளுக்கு என் வீடு ஒன்றுதான். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். "காலையில டீ, ரஸ்க். ராத்திரி சோறு. அவ்ளோதான் ஆன்ட்டி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

லட்டு டப்பா மூன்று நாளாக ஃப்ரிட்ஜில் இருந்தது. எனக்கே சர்க்கரை வந்தாயிற்று. நேற்று கவிதா ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அதை எடுத்துக் காட்டினாள்.

"இது உங்களுக்கு வேணுமா ஆன்ட்டி?"

"வேண்டாம். குப்பையில போட்டுடு."

"லட்டப் போயி யாராவது கொட்டுவாங்களா?" நிஜமாகவே பதறிப்போனாள். "அம்மாக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க மேல உக்காந்துக்கிட்டு, வாய்க்கு ருசியா எதனா கொண்டாந்து குடுடின்னு தினம் கேக்குது."

கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்தக் குடும்பத்தைப் பார்த்து நான் ஒரு தடவை போட்ட கோடு ஞாபகம் வந்தது. நாலாவது மாடியில் ஜன்னல் ஓரத்தில் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. எது தர்மம், எது பாவம் என்று எனக்கு இந்த வயசிலும் தெரியவில்லை. டப்பாவை வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். பஸ்ஸில் சிந்தாமல் இருக்க இரண்டு முடிச்சாகப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.